ஒலி ஒத்தால் பொருளும் ஒக்குமா?

தொடக்க வகுப்புகளுக்கான ஆங்கிலப் பயிற்சிப் புத்தகங்களில் தவறாமல் இடம்பெறும் பயிற்சி ஒன்று உண்டு. இடப்பக்கத்தில் ஒரு சொல் இருக்கும். அதனோடு ஒலி ஒத்து முடியும் இன்னொரு சொல்லை வலப்பக்கத்தில் எழுத வேண்டும். 'கேக்' என்றால் 'லேக்', 'நைட்' என்றால் 'லைட்'. 'ரைமிங் வேர்ட்ஸ்' என்று பிள்ளைகள் அதைச் சொல்வார்கள். முடிவெழுத்துகள் ஒத்திருந்தால் போதும் என்று கண்டுகொண்ட பிள்ளை பக்கத்தை விரைவாக நிரப்பிவிடுகிறது. எழுதிய சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டால் விழிக்கிறது. சேலம் அம்மாபேட்டையில் நெசவுத் தொழில் செய்யும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மாலை வேளைகளில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அந்தப் பயிற்சியோடு பொருளையும் சேர்த்துப் படிக்கத் தொடங்கியபின், ஆங்கிலத்தைப் பற்றி மட்டுமல்லாமல் தமிழைப் பற்றியும் அது எனக்கு நிறையக் கற்றுத் தந்திருக்கிறது. ஒலியால் ஒத்த சொற்கள் பொருளாலும் ஒத்திருக்கின்றனவா என்பதுதான் கேள்வி. சில சொற்கூட்டங்களில் வியக்கத்தக்க அளவுக்கு ஒத்திருக்கின்றன, பலவற்றில் ஒத்திருக்கவில்லை. எங்கே ஒக்கும், எங்கே ஒக்காது, அதற்குக் காரணம் என்ன என்று தேடிப் பார்ப்பது, அகராதியை அகர வரிசையில் புரட்டுவதைவிட எனக்கு மிகுந்த பயன் தந்திருக்கிறது.

தமிழ்க் காது சொல்லின் தொடக்கத்தைக் கேட்டுப் பழகியது. மோனை முதலெழுத்தைப் பார்க்கிறது. எதுகை இரண்டாம் எழுத்தைப் பார்க்கிறது. முடிவு ஒத்து வருவதை இயைபு என்று தொல்காப்பியத்தின் செய்யுளியல் சொல்லியிருந்தும், நம் செய்யுள் மரபில் அது எதுகை, மோனைகளுக்கு இணையான இடத்தைப் பெறவில்லை. அதற்கான காரணம் மொழியின் அமைப்பிலேயே இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. வந்தான், சென்றான், நின்றான், உண்டான் என்னும் நான்கு சொற்களும் முடிவில் ஒத்திருக்கின்றன. ஆனால் அந்த ஒப்புமையைப் புலவர் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, இலக்கணமே கையில் கொடுத்துவிடுகிறது. வேர்ச்சொல் முன்னும் விகுதி பின்னுமாக அமையும் மொழியில் பொருளின் பாரம் முழுவதும் சொல்லின் தலைப்பகுதியில் இருப்பதால், நம் புலவர்கள் ஒலி ஒப்புமையையும் அங்கேயே தேடினார்கள்.

ஆங்கிலமும் ஒரு காலத்தில் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. பெயோவுல்ஃப் முதலிய பழைய ஆங்கிலப் பாடல்களில் ஓர் அடியின் இரண்டு பாதிகளையும் சேர்த்துக் கட்டுவது சொற்களின் முதலொலி ஒப்புமையே. நம் மோனைக்கு அது மிக நெருங்கிய உறவு. அந்தப் பழைய ஆங்கிலத்தில் விகுதிகள் நிறைந்திருந்தன, அழுத்தமும் பெரும்பாலும் வேர்ச்சொல்லின் முதலசையில் விழுந்தது. 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றியதைத் தொடர்ந்து வந்த நூற்றாண்டுகளில், பிரெஞ்சுச் செய்யுளின் செல்வாக்கால் முடிவியைபு ஆங்கிலத்தில் வேரூன்றியது. அதே காலத்தில் ஆங்கில விகுதிகளும் தேய்ந்து தேய்ந்து உதிர்ந்தன. உதிர்ந்தபின் எஞ்சிய அன்றாடச் சொற்களில் பல ஓரசைச் சொற்கள். ஓரசைச் சொல்லின் முடிவு என்பது வேரின் ஒரு பகுதியே. ஆகவே ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் முடிவில் ஒத்து ஒலித்தால், அங்கே ஒத்துப்போவது பெரும்பாலும் சொல்லின் உடல். வந்தான், சென்றான் என்பவற்றில் 'ஆன்' எதைக் குறிக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். 'கிராஷ்', 'ஸ்மாஷ்' என்பவற்றில் பொதுவாக இருக்கும் அந்த ஒலி எதையாவது குறிக்கிறதா என்பது கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வியாகிறது.

எங்கள் வகுப்பில் நாங்கள் முதலில் எடுத்துக்கொண்டவை 'அம்ப்' என்று முடியும் சொற்கள். 'பம்ப்' என்றால் தலையை இடித்துக்கொள்ளும்போது எழும் புடைப்பு. சாலையின் குறுக்கே மேடாகக் கிடப்பதும் அதுவே. 'லம்ப்' என்றால் கட்டி. 'ஹம்ப்' என்றால் ஒட்டகத்தின் திமில். 'கிளம்ப்' என்றால் நெருங்கி முளைத்த செடிக்கூட்டம். 'ஸ்டம்ப்' என்றால் மரத்தை வெட்டியபின் நிற்கும் அடிக்கட்டை. கிரிக்கெட் ஆடும் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் முன்பே தெரியும், அடிக்கட்டை என்ற பொருள்தான் புதிது. 'பிளம்ப்' என்றால் கொழுகொழுவென்று இருப்பது. 'தம்ப்' என்றால் கனமான ஒன்று தொப்பென்று விழுவது. 'டம்ப்' என்றால் மொத்தமாகக் கொட்டுவது. உருண்டு திரண்ட, கனத்த, கூர்மையற்ற ஒன்று இவை எல்லாவற்றிலும் இருப்பதைப் பிள்ளைகள் தாமாகவே கண்டு சொன்னார்கள். ஆறாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி உடனே எழுந்து, "அப்ப 'ஜம்ப்'ல எது மிஸ் வீங்கியிருக்கு?" என்று கேட்டாள்.

அதைவிட நல்ல கேள்வியை அந்த இடத்தில் எவரும் கேட்டிருக்க முடியாது. குதிப்பதைக் குறிக்கும் 'ஜம்ப்' இந்தக் கூட்டத்தில் அடங்கவில்லை. தண்ணீர் இறைக்கும் 'பம்ப்' அடங்கவில்லை. சீட்டாட்டத்தில் துருப்பைக் குறிக்கும் 'டிரம்ப்' என்ற சொல், வெற்றியைக் குறிக்கும் 'டிரயம்ஃப்' என்பதன் திரிபு. திமிலுக்கும் கட்டிக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. ஒலி ஒப்புமை பொருளுக்குச் சட்டம் போடுவதில்லை, சாய்வை மட்டுமே காட்டுகிறது என்று அன்று சொன்னேன். ஒரு முடிவொலியைக் கொண்ட சொற்களில் பாதிக்கும் மேற்பட்டவை ஒரே திசையில் சாய்ந்திருந்தால் அந்தச் சாய்வைக் கவனிக்க வேண்டும். சாயாதவற்றைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடவும் கூடாது.

இந்தச் சாய்வை ஆங்கிலத்தில் எழுத்து வடிவில் பதிவுசெய்தவர்களுள் மிக முற்பட்டவர் ஜான் வாலிஸ். ஆக்ஸ்ஃபோர்டில் வடிவியல் பேராசிரியராக இருந்தவர். எண்ணிலியைக் குறிக்க இன்று உலகம் முழுவதும் எழுதப்படும், படுத்துக்கிடக்கும் எட்டுப் போன்ற குறியை அறிமுகப்படுத்தியவரும் அவரே. 1653-இல் ஆங்கிலத்துக்கு அவர் லத்தீன் மொழியில் எழுதிய இலக்கணத்தில் 'ஆஷ்' என்று முடியும் சொற்களையும் 'அஷ்' என்று முடியும் சொற்களையும் எதிரெதிரே நிறுத்துகிறார். 'கிராஷ்', 'ஃபிளாஷ்', 'கிளாஷ்', 'லாஷ்', 'ஸ்லாஷ்' முதலியவை விரைந்தும் கூர்மையாகவும் நிகழ்பவற்றைக் காட்டுகின்றன என்றும், 'கிரஷ்', 'ரஷ்', 'கஷ்', 'ஃபிளஷ்', 'ஹஷ்' முதலியவை மழுங்கலாகவும் அமுக்கமாகவும் நிகழ்பவற்றைக் காட்டுகின்றன என்றும் சொல்கிறார். இணைகளாக வைத்துப் பார்த்தால் அவருடைய செவியின் நுட்பம் விளங்கும். 'கிராஷ்' என்றால் மோதி நொறுங்குதல். 'கிரஷ்' என்றால் அழுத்தி நசுக்குதல். கல் குவாரிகளின் 'கிரஷர்' எங்கள் பகுதியில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டாத சொல். 'ஃபிளாஷ்' என்றால் கண நேரத்தில் வெட்டி மறையும் ஒளி. 'ஃபிளஷ்' என்றால் முகத்தில் பரவும் சிவப்பு, பெருகிப் பாயும் நீர். இரண்டாவது கூட்டத்தில் வாலிஸ் 'புஷ்' என்ற சொல்லையும் சேர்த்திருக்கிறார். தள்ளுதலைக் குறிக்கும் அந்தச் சொல் இன்றைய தென் இங்கிலாந்து உச்சரிப்பில் 'கிரஷ்' என்பதோடு ஒலி ஒக்காது. ஒன்றாக இருந்த உயிரொலி இரண்டாகப் பிரிந்த அந்த மாற்றம் 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆகவே அந்தப் பட்டியல் பொருளோடு உச்சரிப்பு வரலாற்றுக்கும் ஒரு சான்றாக நிற்கிறது.

எழுத்தைப் பற்றி இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். 'கிராஷ்' என்று நான் எழுதும் சொல்லில் இருப்பது நம் 'ஆ' அன்று. 'ஆ'வுக்கும் 'ஏ'வுக்கும் இடைப்பட்ட ஓர் உயிர். அதற்குத் தமிழில் எழுத்தில்லாததால் 'கிராஷ்' என்று ஒன்றையும் 'கேஷ்' என்று மற்றொன்றையும் எழுதிப் பழகியிருக்கிறோம். ஆங்கிலத்தில் அவை இரண்டும் முற்றிலும் ஒலி ஒத்த சொற்கள். ரொக்கத்தைக் குறிக்கும் அந்தக் 'கேஷ்', பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. கீழை நாடுகளின் சிறு நாணயத்தைக் குறித்து ஆங்கிலேயர் எழுதிய இன்னொரு 'கேஷ்', நம் காசு போர்ச்சுக்கீசியர் வாய்வழியாகச் சென்று அடைந்த உருவம். ஒரே எழுத்துக்கூட்டல், ஒரே ஒலி, கிட்டத்தட்ட ஒரே பொருள் என்று நிற்கும் அந்த இரண்டு சொற்களும் பிறப்பால் உறவில்லாதவை என்பதை அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் குறையவில்லை.

வாலிஸ் கண்ட இந்த ஒலிக்கூறுகளுக்கு, 1930-இல் ஜே. ஆர். ஃபிர்த் என்னும் ஆங்கிலேய மொழியியலாளர் 'ஃபோனெஸ்தீம்' என்று பெயரிட்டார். விகுதி என்று சொல்ல முடியாத, தனிச்சொல் என்றும் சொல்ல முடியாத, ஆனாலும் ஒரு பொருட்சாயலைச் சுமந்துவரும் ஒலித்துணுக்கு என்று அதை விளக்கலாம். சொல்லுக்கும் பொருளுக்கும் இடையே இருப்பது வெறும் வழக்கே, இயற்கையான தொடர்பு இல்லை என்ற கொள்கை, சுவிட்சர்லாந்து மொழியியலாளர் சசூரின் விரிவுரைகள் 1916-இல் நூலாக வெளிவந்தபின் மொழியியலின் அடிப்படையாக ஆனது. இத்தகைய சொற்கூட்டங்கள் அந்தக் கொள்கையை உடைப்பதில்லை என்றாலும், அதன் ஓரத்தில் நின்று கேள்வி எழுப்பிக்கொண்டே இருக்கின்றன. இந்த இடத்தில் எனக்குத் தொல்காப்பியர்தான் துணைக்கு வருகிறார். உரியியலில் "மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா" என்கிறார். சொல் ஒரு பொருளைக் குறிப்பதற்கான காரணம் பளிச்சென்று தெரியாது என்பதே அவர் சொற்களின் பொருள்; காரணமே இல்லை என்று அவர் சொல்லவில்லை. அந்த நூற்பாவில் உள்ள நிதானம் இரு தரப்பு வாதங்களையும் தாங்கி நிற்கிறது.

சில கூட்டங்களில் காரணம் ஓரளவு விழிப்பவே தோன்றும். 'பேட்டர்', 'சேட்டர்', 'கிளேட்டர்', 'ஸ்பிளேட்டர்' என்பவற்றை எடுத்துக்கொள்வோம். முதலாவது மழைத்துளி விழுந்துகொண்டே இருப்பது, இரண்டாவது ஓயாமல் பேசுவது, மூன்றாவது கடினமான பொருள்கள் மோதி மோதி எழுப்பும் ஓசை, நான்காவது துளித்துளியாகத் தெறிப்பது. விட்டுவிட்டுத் தொடரும் நிகழ்ச்சி என்பது எல்லாவற்றுக்கும் பொது. இங்கே கடைசியில் நிற்கும் 'அர்' ஒலி, செயல் மீண்டும் மீண்டும் நிகழ்வதைக் காட்ட ஆங்கிலத்தில் வழங்கிய பழைய விகுதி. 'பேட்' என்றால் ஒருமுறை தட்டுதல், 'பேட்டர்' என்றால் தட்டிக்கொண்டே இருத்தல். 'ஸ்பார்க்' என்ற பொறியிலிருந்து 'ஸ்பார்க்கிள்' என்ற மினுமினுப்பு பிறந்ததும், 'கிராக்' என்ற வெடிப்பொலியிலிருந்து 'கிராக்கிள்' என்ற படபடப்பு பிறந்ததும் 'இள்' என்ற அதன் உடன்பிறப்பால். உயிருள்ள விகுதியாக இருந்தது காலப்போக்கில் உறைந்துபோக, அதன் பொருள் மட்டும் இயைபுக்குள் தங்கிவிட்டது. 'கிளேட்டர்' என்றால் என்ன என்று அம்மாபேட்டையில் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. தெருவின் இருபுறமும் விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது; சன்னலைக் காட்டியதும் பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது.

அதே மாலையில் ஒரு பையன், "நம்ம 'தடதட' மாதிரியா மிஸ்?" என்றான். அவன் கேட்டபின்தான் இரண்டு மொழிகளின் ஒலி ஒப்புமையும் சந்திக்கும் இடம் நம் இரட்டைக்கிளவியே என்பது எனக்குத் தெளிவாயிற்று. சடசட, படபட, தடதட, கடகட, மடமட என்பவற்றை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். முதல் மெய் மட்டும் மாறுகிறது. எஞ்சியது அப்படியே நிற்கிறது. தமிழ்க் கணக்கில் இவை ஒன்றுக்கொன்று எதுகை. ஆங்கிலக் கணக்கில் இவையே முழுமையான 'ரைம்'. பொருளோ ஆங்கிலக் கூட்டங்களைவிடத் துல்லியமாகப் பிரிகிறது. கிளை முறிவது சடசடவென்று, சிறகு அடித்துக்கொள்வது படபடவென்று, கதவைத் தட்டுவது தடதடவென்று, மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பது கடகடவென்று, தண்ணீர் குடிப்பது மடமடவென்று. ஐந்திலும் வல்லின டகரம் இடைவிடாத தாக்குதலைக் கொடுக்கிறது. டகரத்தை எடுத்துவிட்டு லகரத்தை வைத்தால் சலசல, கலகல என்று ஒலி ஓட ஆரம்பித்துவிடும். ளகரத்தை வைத்தால் பளபள, தளதள, வளவள, தொளதொள என்று வழவழப்பும் தளர்வும் வந்துவிடும். அங்கேயும் மளமள என்று ஒன்று விரைவைக் குறித்துக்கொண்டு தனியே நிற்கிறது. நம் 'ஜம்ப்' அதுதான். இரட்டைக்கிளவி இரட்டித்த நிலையிலிருந்து பிரிந்து ஒலிக்காது என்பது தொல்காப்பிய விதி. பிரிந்து ஒலிக்காத அந்தச் சொற்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு பெருங்குடும்பமாக ஒலிக்கின்றன என்பதை, ஆங்கிலச் சொற்களைப் படிக்கும்போதுதான் பிள்ளைகளும் நானும் கவனித்தோம். பேச்சில் வரும் 'காப்பி கீப்பி', 'துணி கிணி' என்ற எதிரொலிச் சொற்களும் இயைபால் ஆனவையே. குழப்பத்தைக் குறிக்கும் 'ஹர்லி பர்லி', மாயவித்தையைக் குறிக்கும் 'ஹோகஸ் போகஸ்' என்று ஆங்கிலத்திலும் இணைகள் உண்டு. ஆனால் எந்தப் பெயர்ச்சொல்லை எடுத்தாலும் 'கி' போட்டு உடனே ஓர் இயைபுச் சொல்லை உண்டாக்கி, 'அது போன்றவையும்' என்ற பொருளை ஏற்றிவிடும் எளிமை நம்முடையது.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆங்கில இயைபில் வரும் உண்மையான இடர் வேறொன்று. மேலே தலையின் புடைப்புக்கும் தண்ணீர் இறைக்கும் எந்திரத்துக்கும் நான் ஒரே மாதிரி 'பம்ப்' என்றுதான் எழுத முடிந்தது. ஆங்கிலத்தில் அவை வெவ்வேறு மெய்யில் தொடங்குபவை. ஒன்று தொண்டை அதிரச் சொல்வது, மற்றது அதிராமல் சொல்வது. நம் மொழியில் அந்த வேறுபாடு எழுத்தைச் சார்ந்ததன்று, இடத்தைச் சார்ந்தது. சொல்லின் முதலில் வரும் பகரம் ஒருவகை, மெல்லினத்தை அடுத்து வருவது இன்னொருவகை. ஆங்கில இயைபுச் சொற்களில் மாறுவதோ அந்த முதல் மெய் ஒன்றுதான். மேலங்கியும் வெள்ளாடும் 'கோட்', குளிரும் தங்கமும் 'கோல்ட்', நுனியும் தோய்த்தெடுப்பதும் 'டிப்' என்று நம் எழுத்தில் ஒன்றாகிவிடுகின்றன. பொருள் வேறுபாடு முழுவதும் எந்த ஒலியில் தொங்கிக்கொண்டிருக்கிறதோ அந்த ஒலியை நம் காது ஒரே ஒலியாகக் கேட்டுப் பழகியிருக்கிறது. தொண்டையில் விரலை வைத்து அதிர்வைத் தொட்டுப் பார்க்கச் சொல்வதே நான் கண்ட வழி. விரல் ஒருமுறை உணர்ந்ததைக் காது பிறகு மறப்பதில்லை.

குழந்தைகள் ஒலி ஒப்புமையைப் பிரித்தறிவதற்கும் பின்னாளில் வாசிக்கக் கற்பதற்கும் தொடர்பு உண்டு என்பதை லினெட் பிராட்லியும் பீட்டர் பிரையன்ட்டும் 1983-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். நான்கைந்து வயதுப் பிள்ளைகளுக்குச் சில சொற்களைச் சொல்லி, ஒலியால் சேராத ஒன்றைக் கண்டுபிடிக்கச் சொன்ன எளிய சோதனை அது. தமிழ் வழியில் படிக்கத் தொடங்கி ஆங்கிலத்துக்குள் நுழையும் பிள்ளைகளுக்கு அந்தச் சோதனையை முதல் மெய்யில் வைக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

சொற்கள் அண்டை வீட்டாரைப் பார்த்து மாறுவதும் உண்டு. 'நைட்', 'லைட்', 'ரைட்' என்ற சொற்களின் எழுத்துக்கூட்டலில் நடுவே ஒலிக்காமல் நிற்கும் இரண்டு எழுத்துகள் ஒரு காலத்தில் தொண்டையில் உரசி ஒலித்தன. நம் ஆய்தத்தை நினைவூட்டும் ஒலி அது. ஜெர்மானியர் இன்றும் 'நாஹ்ட்', 'லிஹ்ட்' என்று அந்த உரசலோடு சொல்கிறார்கள். மகிழ்ச்சியைக் குறிக்கும் 'டிலைட்' பிரெஞ்சிலிருந்து வந்தது. அதில் அந்த உரசல் எந்நாளும் இருந்ததில்லை. 'லைட்' என்பதோடு ஒலி ஒத்தது என்ற ஒரே காரணத்தால் 16-ஆம் நூற்றாண்டில் அதற்கும் அந்த இரண்டு எழுத்துகள் வந்து சேர்ந்தன. 'வுட்', 'ஷுட்' என்னும் துணைவினைகளில் லகரம் ஒரு காலத்தில் ஒலித்தது. அவற்றோடு ஒலி ஒத்த 'குட்' என்னும் துணைவினையில் ஒலித்ததே இல்லை, ஆனாலும் எழுத்தில் ஏறிவிட்டது. ரொட்டித் துணுக்கைக் குறிக்கும் 'கிரம்' என்பதன் கடைசியில் நிற்கும் ஊமை எழுத்தும் இப்படி வந்ததே. எழுத்துக்கூட்டலை மனப்பாடம் செய்யத் தவிக்கும் பிள்ளைகளிடம் இந்த வரலாற்றைச் சொன்னால், தங்கள் மேல் தவறில்லை என்ற ஆறுதலோடு எழுத்தையும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்.

ஒலி ஒப்புமையே கிடைக்காத சொற்களைப் பற்றிப் பேச எங்கள் மாவட்டத்தைப் போன்ற இடம் வேறில்லை. ஆங்கிலத்தில் இணை கிடைக்காத சொற்கள் என்று எல்லாரும் முதலில் சொல்பவை 'ஆரஞ்ச்', 'சில்வர்' இரண்டும். கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்கு ஏறினால், காப்பித் தோட்டங்களுக்கிடையே ஆரஞ்சு மரங்கள். காப்பிக்கு நிழல் தரவும் மிளகுக் கொடி படரவும் நடப்பட்ட சில்வர் ஓக் மரங்கள். கீழே இறங்கிச் செவ்வாய்ப்பேட்டைக்கு வந்தால் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள். இணையில்லாத இரண்டு சொற்களுக்கு நடுவே நாங்கள் வாழ்கிறோம். உண்மையில் முழுக்க இணையில்லாதவை என்றும் சொல்லிவிட முடியாது. வேல்ஸ் நாட்டில் 'பிளாரஞ்ச்' என்று ஒரு மலை இருக்கிறது. ஆரஞ்சோடு ஒலி ஒக்கும் பெயர் அது. பெட்டை ஆட்டுக்குட்டியைக் குறிக்கும் 'சில்வர்' என்ற அரிய வட்டாரச் சொல் ஒன்றும் உண்டு. தமிழில் எழுதினால் வெள்ளியும் ஆட்டுக்குட்டியும் ஒன்றாகிவிடும், ஆங்கிலத்தில் ஆட்டுக்குட்டியின் சகரம் நம் 'அச்சம்' என்பதில் உள்ள அழுத்தமான சகரம். ஆரஞ்சு என்ற சொல் பிரெஞ்சு, அரபி, பாரசீகம், சமஸ்கிருதம் என்று பின்னோக்கிச் சென்று, திராவிட மூலம் ஒன்றில் தொடங்கியிருக்கலாம் என்பது சொற்பிறப்பியலாளர் பலரின் கருத்து; நம் நாரத்தையின் முதல் நகரம் அரபிச் சொல் வரைக்கும் இருந்து, ஐரோப்பாவில் உதிர்ந்துபோனது. நெடுந்தொலைவு நடந்து வந்த சொல்லுக்கு ஆங்கிலத்தில் இணை கிடைக்காததில் வியப்பில்லை. சேர்வராயன் மலையில் காப்பியையும் ஆப்பிளையும் பேரிக்காயையும் அறிமுகப்படுத்தியவராகச் சொல்லப்படும், 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த ஸ்காட்லாந்துக்காரரின் பெயரைக் 'காக்பர்ன்' என்று பலர் வாசிக்கிறார்கள். அதை ஒலிக்க வேண்டியது 'கோபர்ன்' என்று. ஆங்கில இயைபைத் தேடுபவர்கள் கண்ணை நம்பக் கூடாது என்பதற்கு இங்கேயே ஒரு சான்று.

ஆப்பிளும் பேரிக்காயும் லண்டன் கிழக்குப் பகுதி மக்களின் பேச்சில் மாடிப்படியைக் குறிக்கும். 'ஆப்பிள்ஸ் அண்ட் பேர்ஸ்' என்பது 'ஸ்டேர்ஸ்' என்பதோடு ஒலி ஒப்பதுதான் காரணம். 19-ஆம் நூற்றாண்டில் உருவான அந்த வழக்கில், சொல்ல வேண்டிய சொல்லுக்கு இயைபான ஒரு தொடரைச் சொல்வார்கள். பழகப் பழக, இயைபு இருக்கும் பாதியையே விட்டுவிடுவார்கள். 'லோஃப் ஆஃப் பிரெட்' என்ற ரொட்டி, 'ஹெட்' என்ற தலைக்கு நின்றது. பிறகு 'லோஃப்' மட்டுமே தலை ஆயிற்று. மூளையைப் பயன்படுத்து என்பதற்கு 'லோஃபைப் பயன்படுத்து' என்று இன்றும் ஆங்கிலேயர் சொல்கிறார்கள். பொருளை ஒரு சொல்லிலிருந்து இன்னொரு சொல்லுக்குக் கடத்திவிட்டு இயைபு தான் மறைந்துபோவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் அறியவில்லை.

இயைபு பொருளைக் கடத்துவதோடு நிற்பதில்லை, பொருளுக்கு உண்மையின் தோற்றத்தையும் கொடுத்துவிடுகிறது. மேத்யூ மெக்லோன் என்பவரும் அவருடன் சேர்ந்த ஆய்வாளரும் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், ஒரே கருத்தை இயைபோடும் இயைபு இல்லாமலும் எழுதிக் காட்டினார்கள். இயைபோடு இருந்ததையே மக்கள் உண்மைக்கு நெருக்கமானதாக மதிப்பிட்டார்கள். துன்பம் பகைவரை ஒன்றுசேர்க்கும் என்பதை 'வோஸ்', 'ஃபோஸ்' என்று ஒலி ஒக்கச் சொன்னால் நம்புகிறவர்கள், அதே பகைவரை வேறு சொல்லால் குறித்தால் தயங்குகிறார்கள். பழமொழிகளில் வளர்ந்த நமக்கு இது புதிதன்று. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பதில் எதுகையும் உண்மையும் சேர்ந்தே இருக்கின்றன. 'அடி உதவுவது போல் அண்ணன் தம்பி உதவமாட்டான்' என்பதிலோ மோனை மட்டுமே இருக்கிறது. அந்த மோனையின் பலத்தால் எத்தனை தலைமுறைப் பிள்ளைகள் பிரம்படி வாங்கியிருப்பார்கள் என்று எண்ணும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது. அடி உதவாது என்பதை நான் வகுப்பில் சொல்லியே ஆக வேண்டியிருந்தது.

இப்போது 'அம்பிள்' என்று முடியும் சொற்களைப் படித்துக்கொண்டிருக்கிறோம். 'ஸ்டம்பிள்' என்றால் இடறுவது, 'டம்பிள்' என்றால் உருண்டு விழுவது, 'ஃபம்பிள்' என்றால் கை தடுமாறித் துழாவுவது, 'மம்பிள்' என்றால் வாய்க்குள்ளேயே முணுமுணுப்பது, 'கிரம்பிள்' என்றால் பொடிப்பொடியாக உதிர்வது. பிடிப்பை இழத்தல் என்ற சாயல் எல்லாவற்றிலும் தெரிகிறது. பணிவைக் குறிக்கும் 'ஹம்பிள்' இதில் எப்படி வந்தது என்ற கேள்வியும் எதிர்பார்த்தபடியே வந்தது. அது தனி வழியில் வந்த சொல். மண்ணைக் குறிக்கும் லத்தீன் 'ஹ்யூமஸ்' என்பதிலிருந்து, தாழ்ந்தது என்ற பொருளில் பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. லத்தீன் வடிவத்தில் பகர ஒலி இல்லை. மகரத்துக்கும் லகரத்துக்கும் இடையே அது பிற்காலத்தில் தானாக முளைத்தது. 'மம்பிள்' என்பதிலும் பழைய வடிவத்தில் பகரம் கிடையாது, அதுவும் இப்படி முளைத்ததே. மகரத்துக்காக மூடிய உதடு லகரத்துக்காகத் திறக்கும் கணத்தில், மூக்குவழி மூச்சு ஒரு நொடி முன்னதாக நின்றுவிட்டால் அங்கே பகரம் பிறந்துவிடுகிறது. பிள்ளைகளிடம் 'மம்' என்று சொல்லி உதட்டைத் திறக்காமல் நிறுத்தி, மூக்கை விரலால் மூடிக்கொண்டு 'இள்' என்று முடிக்கச் சொன்னேன். எழுதிக்காட்டாத அந்தப் பகரம் வகுப்பு முழுவதிலும் கேட்டது.